எந்தக் கண்ணுக்கு எத்தனை சதவீதம்

"யாருங்க படிக்கப் போறது?"

பிரிண்ட் கடைக்குள் வருகிறவரிடம் அதை நடத்தும் பெண்மணி கேட்கும் முதல் கேள்வி இதுதான். எத்தனை பக்கம், கலரா கறுப்பு வெள்ளையா என்பதெல்லாம் பிறகு. படிக்கப் போகிறவர் யார் என்று தெரியாது என்றால், தெரிந்துகொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புவார். மூன்று பேரை அப்படி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். இருவர் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தார்கள். ஒருவர் வரவில்லை.

கடை, கூடலூரில் அரசு அலுவலகங்களுக்கு ஏறும் சாலையில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு மரப்பெட்டி. மரப்பெட்டிக்குள் தாள் கட்டுகளும், எரிந்துகொண்டே இருக்கும் ஒரு குண்டு பல்பும் இருக்கும். மழைக்காலத்தில் தாளை வெளியே வைத்தால் ஈரம் ஏறி ஓரம் சுருண்டு மெஷினில் சிக்கிக்கொள்ளும். அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த தாள் கையில் இளஞ்சூடாக இருக்கும்.

மலையாளம் பேசுகிறவர்கள் அவரைச் சேச்சி என்பார்கள், தமிழ் பேசுகிறவர்கள் அக்கா என்பார்கள், எஸ்டேட் ஆபீஸ் ரைட்டர்கள் மேடம் என்பார்கள். நான் எப்படியும் கூப்பிடாமல் பேசிப் பழகிவிட்டேன். ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்புவது என் வேலை. யாரைப் பார்த்தாலும் பெயர், வயது, ஊர் மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்வேன். அந்தக் கடைக்கு ஒன்பது ஆண்டுகள் போய் வந்தும் அவரிடம் மூன்றையும் கேட்கவில்லை. நாற்பதைத் தாண்டியவர். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். இரண்டாவது தகவலும் அவர் சொன்னதல்ல.

முதல் முறை நான் போனது ஒரு பட்டியலோடு. வார்டு வாரியாகக் குடிநீர் வரும் நாட்கள். மறுநாள் கோவையில் எங்கள் செய்தி ஆசிரியரிடம் கொடுக்க வேண்டும்.

"யாருங்க படிக்கப் போறது?"

"எங்க செய்தி ஆசிரியர்."

"கண்ணாடி போடுவாருங்களா?"

"போடுவார்."

"கிட்டத்துக்கா, தூரத்துக்கா?"

பதினொரு ஆண்டுகள் ஆசிரியரின் மேசைக்கு எதிரில் நின்றிருக்கிறேன். தெரியவில்லை.

"சரி, படிக்கறப்ப அந்தக் கண்ணாடிய என்ன பண்ணுவாரு?"

யோசித்ததில் ஒன்று நினைவுக்கு வந்தது. திட்டுவதற்கு முன்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் தாளை மூக்கருகே கொண்டுபோவார்.

"நெத்திக்கு ஏத்தறவரா? அப்ப தூரத்துக் கண்ணாடிதான். கிட்டத்துல எறும்பு கால் எண்ணுவாரு. அறுபது போதும்."

அறுபது என்றால் அறுபது சதவீதம். எக்செல்லில் செய்த பட்டியல் திரையில் ஒழுங்காகத் தெரியும். அப்படியே பிரிண்ட் கொடுத்தால் கடைசி இரண்டு பத்திகள் தனித் தாளில் வந்து விழும். எது யாருடையது என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதற்காகத்தான் மொத்தத்தையும் சுருக்குகிறார்கள். ஒரே தாளில் அடக்குவதற்குத் தனியாக ஒரு வசதி உண்டு. அமுக்கினால் எவ்வளவு பெரிய பட்டியலையும் அடக்கிவிடும். ஊரில் மற்ற கடைகளில் அதைத்தான் அமுக்குவார்கள். இவர் அதைத் தொடமாட்டார்.

"அது அடக்கிடுமுங்க. ஆனா யாரு படிப்பாங்கன்னு அதுக்குத் தெரியாதே."

அவரே எண்ணைப் போடுவார். படிக்கிறவரின் கண்ணுக்குரிய எண்ணை முதலில் முடிவு செய்துவிட்டு, பட்டியலை அந்த எண்ணுக்குள் கொண்டுவருவார். பத்திகளை நெருக்குவார், தாளைப் படுக்கையாகத் திருப்புவார், 'திரு', 'திருமதி' எல்லாவற்றையும் எடுப்பார். இடது மேல் மூலையில் மட்டும் கை வைக்கமாட்டார். அங்கேதான் அலுவலகத்தில் ஓட்டை போட்டு டேக் கட்டுவார்கள். அந்த மூலையில் எதை எழுதினாலும் அது ஓட்டையோடு போய்விடும் என்பது அவர் கணக்கு.

அவரிடம் ஒரு நீள நோட்டு இருந்தது. இடப்பக்கம் பதவிகள், வலப்பக்கம் எண்கள். கிராம நிர்வாக அலுவலர், பள்ளித் தலைமையாசிரியர், வங்கி மேனேஜர், எஸ்டேட் பெரிய கிளார்க், கோயில் கமிட்டிச் செயலாளர். கல்யாணச் சமையல்காரர் ஒருவருக்கு நூற்று நாற்பது போட்டிருந்தார். அவருக்குக் கண் நல்ல கண்தான். ஆனால் சாமான் பட்டியலை அடுப்புப் புகைக்குள் நின்று படிப்பாராம். எவருக்காவது மாறுதல் உத்தரவு வந்தால் அந்த எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போடுவார். புது அதிகாரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்களை வாசலிலேயே நிறுத்திக் கேட்பார். "எப்படிப் படிச்சாரு? தாளைத் தள்ளிப் புடிச்சாரா, கிட்டக் கொண்டு போனாரா? ஜன்னல் பக்கம் திரும்பினாரா?" வேலை நடந்ததா இல்லையா என்று அவர் விசாரித்து நான் கேட்டதில்லை.

யாரைப் பற்றியாவது தகவல் இல்லையென்றால் எதிர் டீக்கடைக்காரரைக் கூப்பிடுவார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அதிகாரிகள் எல்லோருக்கும் அவர் கண்தான் அளவு.

"ஏட்டா, இது ஒண்ணு வாயிச்சே" என்று மலையாளத்தில் படிக்கச் சொல்லித் தாளை நீட்டுவார். டீக்கடைக்காரர் மலையாளி. தமிழ் எழுத்தை அவர் கூட்டிப் படிக்கும் வேகத்தை வைத்தே இவர் எண்ணைக் கூட்டுவார், குறைப்பார்.

"தமிழே அவருக்குச் சரியா வராதே, அவர வெச்சு எப்படிங்க?" என்று கேட்டேன்.

"அவரே படிச்சுட்டா மத்தவங்க படிக்கமாட்டாங்களா?"



ஒருநாள் நான் இருக்கும்போது ஓர் ஏஜென்ட் வந்தார். ரிசார்ட்டுகளுக்கு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவர். பெயர்களும் நிபந்தனைகளும் கொண்ட ஒரு பட்டியல். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் அவரவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"சேச்சி, அந்தக் கடைசிப் பத்திய மட்டும் பொடிசா அடிச்சுக் குடுங்க."

"யாருங்க படிக்கப் போறது?"

"படிக்கெல்லாம் மாட்டாங்க. ஒப்பு போடுவாங்க, அவ்வளவுதான்."

அவர் கம்ப்யூட்டரிலிருந்து ஏஜென்டின் பென் டிரைவைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "படிக்க ஆள் இல்லாத தாளுக்கு நான் அளவு வெக்கறதில்லீங்க. பஸ் ஸ்டாண்ட் பக்கம் கேட்டுப் பாருங்க."

ஏஜென்ட் சிரித்தார். கேலி என்று நினைத்துவிட்டார். அவர் சிரித்து முடிக்கும்வரை இவர் அடுத்த ஆளின் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் ஊரில் எல்லோரும் ரசித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். அவசரக்காரர்கள் பஸ் ஸ்டாண்டுக்கே போனார்கள். நான் போகாததற்குக் காரணம், இந்தக் கடையில் உட்கார ஸ்டூல் இருந்தது, ஊரின் பாதிச் செய்தி அந்த மெஷின் வழியாகத்தான் போனது. அவருக்கும் அது தெரியும். என்னைப் 'பேப்பர் சார்' என்பார். மற்றவர்களின் தாள் பக்கம் என் பார்வை போனால், தாளைக் கவிழ்த்து வைப்பார்.

ஒரு ஜூலையில் மழை விடாமல் பெய்தது. நெல்லியாளம் பக்கம் ஓர் எஸ்டேட்டில், சரிவில் கட்டிய தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பின்னால் மண் பிளந்தது. போய்ப் பார்த்தேன். பிளவுக்குள் கையை விட்டேன், முழங்கைவரை போனது. லயங்களில் முப்பத்தெட்டுக் குடும்பங்கள் இருந்தன. எதிர் மேட்டில் கட்டி முடித்த வீடுகள் காலியாகப் பூட்டிக் கிடந்தன. அவற்றை இவர்களுக்கு ஒதுக்க அதற்குரிய அரசு அதிகாரி ஒப்புக்கொண்டார். பட்டியல் கொண்டு வாருங்கள், வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறேன், சனிக்கிழமையே மாறிவிடலாம் என்று சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மதியம் லெட்சுமி கடைக்கு வந்தார். கொழுந்து பறிக்கிறவர், லயத்துக்காரர்கள் சார்பில் பேசுகிறவர். தலையில் பிளாஸ்டிக் சாக்கு, அதற்குள் முதுகோடு ஒட்டி ஒரு பள்ளிக்கூட நோட்டு. கூடவே சங்கத் தலைவர். அவர் குடையோடு வந்திருந்தார்.

"ஒரே தாளுல வரணும் அக்கா" என்றார் லெட்சுமி. "கூரைத் தகரம் குடுத்தப்ப ரெண்டு தாளா கொண்டு போனோம். கையெழுத்து மொதத் தாளுல விழுந்துச்சு. ரெண்டாந்தாளுல இருந்தவங்கள, இதுல கையெழுத்து இல்லையே, புதுசா எழுதிக் குடுங்கன்னு சொல்லிட்டாங்க. எழுதிக் குடுத்தோம். இன்னும் ஒழுகுது."

"நீங்க எந்தத் தாளு?"

"ரெண்டாந்தாளுல மொத ஆளு."

அதன் பிறகு ஒரு தாளா இரண்டு தாளா என்ற பேச்சே வரவில்லை. லெட்சுமியின் நோட்டைப் பார்த்து அவர் டைப் செய்யத் தொடங்கினார். வரிசை எண், பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர், லயம், காம்பரா, ஆட்கள், குறிப்பு. லயத்து அறையைக் காம்பரா என்பது இலங்கையிலிருந்து வந்தவர்களின் வழக்கம். பட்டியலின் தலைப்பைத் தலைவர் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். சங்கச் சின்னம், தலைவர் படம், அவர் வகிக்கும் ஐந்து பொறுப்புகள், இரண்டு போன் நம்பர்கள், உழைப்பைப் பற்றி ஒரு வாசகம்.

எல்லாம் சேர்ந்து ஐம்பத்தெட்டு சதவீதத்தில் ஒரே தாளில் அடங்கியது.

"அடங்கிருச்சில்ல, அடிங்க" என்றார் தலைவர்.

"இந்த அதிகாரிக்கு எழுபத்தஞ்சுங்க. கிட்டத்துக் கண்ணாடி. அதையும் மாத்தி மூணு வருஷம் இருக்கும்."

"ஏனுங்க, இது பிரிண்ட் கடையா, கண்ணாஸ்பத்திரியா?"

"ஆஸ்பத்திரின்னே வெச்சுக்கங்க தலைவரே. டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க."

பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னார். "உங்க படம், சின்னம், பொறுப்பு எல்லாம் எடுத்தா ஒம்பது வரி மிச்சமாகும்."

"என்னது? நான் இல்லாம பட்டியலா? நாளைக்கு இது யாரு கொண்டுவந்ததுன்னு எப்படித் தெரியும்?"

லெட்சுமி அவர் பக்கம் திரும்பினார். "தலைவரே, ஒங்களுக்கும் வூடு வேணுமா? வேணும்னா சொல்லுங்க, முப்பத்தொம்பதாவதா போட்டுருவோம். பிளவு ஓரமா ஒரு காம்பரா காலியாத்தான் கெடக்கு, வந்து ஒரு ராத்திரி படுத்துட்டுப் போங்க."

தலைவர் டீ குடிக்கப் போனார். படம் போனது. எண் அறுபத்தாறுக்கு ஏறியது.

'குறிப்பு' பத்தியில் 'மண் சரிவு அபாயம் உள்ள லயம், உடனடியாக மாற்ற வேண்டும்' என்று முப்பத்தெட்டு முறை இருந்தது. அவர் அந்தப் பத்தியையே நீக்கிவிட்டு, அதை ஒரே ஒரு முறை பட்டியலுக்கு மேலே போட்டார். பக்கவாட்டில் இடம் விழுந்தது. எழுபத்தொன்று. ஊர்ப் பெயர் எல்லா வரியிலும் இருந்தது, அதுவும் போனது. எழுபத்தைந்து. இடது மேல் மூலை காலி. அடியில் கையெழுத்துக்கும் சீலுக்கும் நான்கு விரல் இடம். நாலு விரலையும் திரைமேல் வைத்துப் பார்த்துக்கொண்டார்.

பெட்டியிலிருந்து தாளை எடுத்து ஒரு பிரதி அடித்தார். ஒருவர் வாசிக்க ஒருவர் ஒத்துப் பார்ப்பது எங்கள் பத்திரிகையிலும் உள்ள முறை. நான் பார்க்கிறேன் என்றேன். எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. கண்ணாடி இல்லை. தேவையில்லை என்றும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

லெட்சுமி தன் நோட்டிலிருந்து வாசித்தார். "ஒண்ணு, மாரியாயி, புருஷன் பேரு வேலு, லயம் ஒண்ணு, காம்பரா ரெண்டு, ஆளு நாலு." சரி என்றேன். "ரெண்டு, செல்லையா." சரி. வெளியே மஞ்சு மூட்டமாக இறங்கிக் கடைக்குள் வெளிச்சம் குறைந்திருந்தது. பெயர்கள் தெரிந்தன. எண்கள், வரி வரியாகப் புள்ளிகளாகத் தெரிந்தன. தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். பத்தாவது பெயர் வரும்போது இன்னும் கொஞ்சம். இருபதாவது பெயர் வரும்போது என் கை முழுதாக நீண்டிருந்தது. அதற்குமேல் நீட்டக் கை இல்லை. லெட்சுமி நிறுத்தும் இடத்தில் எல்லாம் நான் சரி என்றேன். முப்பத்தெட்டு முறை.

"எல்லாம் சரியா இருக்கு" என்று தாளைக் கொடுத்தேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறார் என்று தெரியவில்லை.

"லெட்சுமி, இன்னொரு தடவை வாசிங்க. நானும் ஒருக்கா பாத்துக்கறேன்."

"சார்தான் பாத்தாரே?"

"என் டைப்பிங்குல எனக்கு நம்பிக்கை இல்ல. வாசிங்க."

மறுபடியும் மாரியாயியிலிருந்து தொடங்கியது. இருபத்தொன்பதில் அவர் கை உயர்ந்தது.

"முத்தம்மா, புருஷன் பேரு ராமசாமி, லயம் நாலு. காம்பரா எத்தனை சொன்னீங்க?"

"எட்டு."

"இங்க மூணுன்னு இருக்கு."

பன்னிரண்டாவது வரியிலும் ஒரு முத்தம்மா இருந்தார். அவர் கணவர் பெயரும் ராமசாமி. அதே நான்காம் லயம், காம்பரா மூன்று, ஆட்கள் ஐந்து. இந்த வீட்டிலும் ஐந்து பேர். காம்பரா எண் மட்டும்தான் வேறு. அதுவும் ஒன்றானால், ஒரே குடும்பம் இரண்டு முறை வந்திருக்கிறது என்று அலுவலகத்தில் ஒரு வரியை அடித்துவிடுவார்கள். முப்பத்தேழு வீடுதான் கிடைக்கும். அடிபட்ட வரி பிளவுக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

லெட்சுமி தன் நோட்டை விளக்கடியில் பிடித்துப் பார்த்தார். "நான் எழுதறதுதான் அக்கா அப்படி. என் எட்டு எப்பவும் வாயத் தொறந்துக்கிட்டே இருக்கும், என்னய மாதிரி."

அவர் சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், சிரித்தேனா என்று நினைவில்லை. மூன்றை எட்டாக்கி, மீதி வரிகளையும் ஒத்துப் பார்த்து, மூன்று பிரதிகள் அடித்தார். பழைய பிரதியை நான்காகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். என்னிடம் டீ சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை நான் காலையிலிருந்தே ஸ்டூலில் இருந்தேன். செய்திக்காகத்தான் என்று சொல்லிக்கொண்டேன். மூன்று மணிக்கு மேல் லெட்சுமி சாலையில் இறங்கி வந்தார். சாக்கு தலையில் இல்லை, கையில் இருந்தது. மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

"போட்டாரு!" என்று தாளை நீட்டினார். அடியில் விட்ட நான்கு விரல் இடத்துக்குள் பச்சை மையில் கையெழுத்து, பக்கத்தில் ஊதா சீல். ஒரு பெயர்மேலும் படவில்லை.

அவர் கேட்டது ஒன்றுதான். "எப்படிப் படிச்சாரு?"

"எங்க படிச்சாரு? போனுல பேசிக்கிட்டே போட்டாரு. தாளப் பாக்கவே இல்ல."



"ஆனா கையெழுத்துக்கு முன்னால ஒரு கிளார்க்கு பாத்தாரு" என்றார் லெட்சுமி. "பென்சில வெச்சு ஒவ்வொண்ணாக் குத்திக்கிட்டே வந்தாரு. இருபத்தொம்பதுல நின்னுட்டாரு. இந்த முத்தம்மா ஏற்கெனவே மேல வந்தாச்சேன்னு பென்சில் வரி மேல போயிருச்சு அக்கா. அப்புறம் குனிஞ்சாரு. மூணு, எட்டுன்னு அவரே வாசிச்சாரு. ஓ, வேற காம்பரான்னு விட்டுட்டாரு."

"குனிஞ்சாருன்னா எவ்வளவு குனிஞ்சாரு? கண்ணாடிய ஏத்தினாரா?"

"கண்ணாடியே இல்ல. சின்ன வயசுக்காரரு."

"குனிஞ்சாருல்ல. அப்ப அவருக்கு எண்பது வேணும்."

நோட்டை எடுத்துப் பிரித்தார். கிளார்க்குக்குப் புது வரி எழுதினார். இன்னொரு பக்கத்தைத் திருப்பி அதிகாரியின் வரியில் பேனாவை வைத்து நிறுத்தினார்.

"அவர்தான் படிக்கறதே இல்லையே" என்றேன். "படிக்க ஆள் இல்லாத தாளுக்கு அளவு வெக்கறதில்லன்னு நீங்கதான் சொன்னீங்க."

யோசித்தார். "எழுபத்தஞ்சு அப்படியே இருக்கட்டுமுங்க. என்னிக்காவது படிச்சாருன்னா?"

பேனாவை எடுத்துவிட்டார். அப்போதுதான் அந்த வரிக்குக் கீழே இருந்தது என் கண்ணில் பட்டது. 'பேப்பர் சார்.' எதிரே அறுபத்தைந்து, அடிக்கப்பட்டிருந்தது. எழுபது, அடிக்கப்பட்டிருந்தது. எண்பது, அடிக்கப்பட்டிருந்தது. கடைசியாகத் தொண்ணூறு. மற்ற எண்களின் மை வெளிறியிருந்தது. இது புதிது. எனக்கு எடுத்துக் கொடுத்த தாள்களின் எழுத்து ஆண்டுக்கு ஆண்டு பெருத்துக்கொண்டு வந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. வசதியாக இருந்ததால் கவனிக்கவில்லை போலும்.

அவர் நோட்டை மூடினார். அவசரமாக மூடவில்லை.

சனிக்கிழமை முப்பத்தெட்டுக் குடும்பங்களும் மேட்டுக்கு மாறின. இரண்டு முத்தம்மாக்களுக்கும் அடுத்தடுத்த வீடுகள் கிடைத்தன. தபால் மாறி வரும் என்று இரண்டு பேருமே குறைப்பட்டுக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் விடியலில் சரிவு இறங்கியது. நான்காம் லயம் முழுதாகவும் மூன்றாம் லயம் பாதியும் ஓடைக்குள் போயின. செய்தியை நான்தான் அனுப்பினேன். உள்பக்கத்தில், ஒற்றைப் பத்தியில், ஆறு வரி வந்தது. 'லயங்களில் யாரும் வசிக்காததால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது' என்பது கடைசி வரி. ஏன் வசிக்கவில்லை என்பதற்கு இடம் இல்லை.

அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றேன்.

"யாருங்க படிக்கப் போறது?"

"நான்தான்."

நிமிர்ந்து பார்த்தார். என் மூக்கின்மேல் கண்ணாடி இருந்தது. வாங்கி நான்கு நாள் ஆகியிருந்தது.

"கிட்டத்துக்கா, தூரத்துக்கா?"

"கிட்டத்துக்கு."

"படிக்கறப்ப போடுவீங்களா, சட்டைப் பையில வெச்சுக்குவீங்களா?"

"போடுவேன்."

நோட்டை எடுத்தார். என் வரியைக் கண்டுபிடித்தார். பேனாவின் மூடியைக் கழற்றி முனையைத் தொண்ணூறுக்கு மேலே வைத்தார். பிறகு மூடியைத் திரும்பப் போட்டார்.

"ஒரு மாசம் பாத்துட்டு மாத்தறேங்க" என்றார்.